போல்ட் லக் தேய்மானமும் உலோகக் குறைகளும்: துல்லியத் துப்பாக்கிகளுக்கான முழுப் பரிசோதனை வழிகாட்டி

போல்ட்டின் (துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் உருளைத் தண்டு) கைப்பிடியைத் தூக்கும்போது இறுக்கம் தெரிந்தால் உடனே லேப்பிங் பசையை (உலோகத்தைத் தேய்த்துச் சமமாக்கும் பசை) தேடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் செய்யக்கூடாத வேலையே அதுதான். இறுக்கம் எந்தப் பரப்பிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தேய்த்தால் உலோகத்தின் கடினமான மேல்தோல் போய்விடும். போன தோலை மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. எனவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அளவெடுப்பதைப் பற்றியது. தேய்ப்பது கடைசியில்தான் வரும், அதுவும் எல்லாருக்கும் தேவைப்படாது.

இங்கே எடுத்துக்கொள்வது முன்பக்கம் இரண்டு லக் (ரிசீவர் என்ற உடற்பகுதிக்குள் மாட்டிப் போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) உள்ள, போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி. 1962-இல் வந்த ரெமிங்டன் 700, அதன் அளவுகளைப் பின்பற்றி இன்று பல பட்டறைகள் செய்யும் தனிப்பயன் ஆக்‌ஷன்கள், அதற்கு முந்தைய மவுசர் 98 எல்லாம் இந்த வகை. எண்கள் .308 வின்செஸ்டருக்கு உரியவை. வேறு தோட்டாவுக்கு அந்தந்தக் கேஜ் (அளவுக்கட்டை) அளவுகளையே பார்க்க வேண்டும்.

லக் எவ்வளவு சுமை தாங்குகிறது?

.308 வின்செஸ்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. இந்த அழுத்தம் தோட்டாக் கூட்டின் அடியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கூட்டின் உள்விட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3.5 டன் சுமை. வெளிவிட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 5 டன்னைத் தொடும். கூடு, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரைப் பிடித்துக்கொள்வதால் இதில் ஒரு பங்கு குறையும். ஆனால் சேம்பரிலோ தோட்டாவிலோ எண்ணெய் படிந்திருந்தால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, சுமை லக்குகள்மேல் இறங்கும். சுத்தம் செய்தபின் சேம்பரை உலரத் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சுமை இரண்டு லக்குகளிலும் சமமாக விழுந்தால் நல்ல எஃகு பல்லாண்டு தாங்கும். ஒரே லக்கில் விழுந்தால் அந்த லக்கோ, அது உட்காரும் ரிசீவர் மேடையோ மெல்ல அமுங்கத் தொடங்கும்.

முதல் படி: பிரித்தல், துடைத்தல்

துப்பாக்கி காலி என்பதைக் கண்ணால் பார்த்து, சேம்பருக்குள் விரல் விட்டும் உறுதிசெய்யுங்கள். மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. போல்ட்டை வெளியே எடுத்து ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியில் குத்திச் சுடவைக்கும் ஊசி) தொகுதியை அதற்குரிய கருவியால் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் வலுவானது, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எஜெக்டரை (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பகுதி) பிடித்திருக்கும் சிறு பின்னைத் தட்டி எடுத்து எஜெக்டரையும் அதன் வில்லையும் வெளியே எடுங்கள். எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) எளிதாகக் கழலும் வகையென்றால் அதையும் எடுத்துவிடலாம். ரிவெட் அடித்ததென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய கிரீஸைத் துடைப்பதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிறிது எடுத்து விரலிடையே நசுக்கிப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் பெரும்பாலும் கரி. வெளிச்சத்தில் மினுக்கும் துகள் இருந்தால் உலோகம் உதிர்கிறது. துகள் எங்கிருந்து வந்த கிரீஸில் இருந்தது என்பதைக் குறித்துவையுங்கள்: லக்கின் பின்முகமா, கைப்பிடியின் அடியா, காக்கிங் கேமா (போல்ட்டைத் திருப்பும்போது ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ளும் சரிவு)? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு லக் பின்முகங்களையும் ரிசீவருக்குள் இருக்கும் மேடைகளையும் கரைப்பானால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். ரிசீவர் மேடையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வளைந்த கம்பியில் பஞ்சு சுற்றி உள்ளே சுழற்றினால் கிடைக்கும் அழுக்கே அதற்குச் சான்று.

இரண்டாம் படி: இறுக்கத்தின் ஊற்றைக் கண்டுபிடித்தல்

நான்கு நிலைகளில் போல்ட்டை மூடித் திறந்து பார்க்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஃபயரிங் பின் இல்லாமல், சேம்பர் காலியாக. இப்போது கைப்பிடி தன் எடையிலேயே விழ வேண்டும். உரசினால் குறை லக்கிலோ, போல்ட் உடலிலோ, கைப்பிடியின் அடியிலோ இருக்கிறது.

2. ஃபயரிங் பின் இல்லாமல், அதே சேம்பரில் சுட்ட, மறு அளவாக்காத (மீண்டும் பயன்படுத்த அச்சில் விட்டுச் சுருக்காத) கூட்டுடன். இங்கே மட்டும் இறுகினால் கூடு விரிந்திருக்கிறது. போல்ட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. கூட்டின் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து, மறு அளவாக்கும் டை அந்த இடத்தைப் போதிய அளவு சுருக்குகிறதா என்று பாருங்கள். தூக்கலின் உச்சியில் ‘டிக்’ என்று ஒரு தடை வருவது பெரும்பாலும் இதன் அடையாளம்.

3. ஃபயரிங் பின் பூட்டி, சேம்பர் காலியாக. இப்போது வரும் கூடுதல் இறுக்கம் சுருள்வில்லை அழுத்தும் விசை. அது வழுவழுப்பான இறுக்கமாக இருக்க வேண்டும். மணல் அரைப்பதுபோல் இருந்தால் காக்கிங் கேமிலோ காக்கிங் துண்டின் (ஃபயரிங் பின்னின் பின்முனையில் உள்ள துண்டு) மூக்கிலோ உலோகம் ஒட்டியிருக்கிறது.

4. எல்லாம் பூட்டி, சுட்ட கூட்டுடன். முந்தைய மூன்றிலும் குறை இல்லாமல் இங்கே மட்டும் தடை வந்தால் முதல் வெளியிழுப்புக் கேமைப் பாருங்கள். கைப்பிடியின் அடியும் ரிசீவரின் பின்சரிவும் சந்திக்கும் இடம் அது.

முதல் நிலையில் பிடிபடும் குறைகளில் மோசமானது ஒன்று உண்டு. ரிசீவரின் லக் மேடையே அமுங்கிப் பள்ளமாகி, மூடிய நிலையில் லக் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். திறக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் ஏற வேண்டியிருப்பதால், முதல் சில பாகை மட்டும் கனமாக இருந்து பிறகு சட்டென்று இலகுவாகும். மென்மையான ரிசீவர் கொண்ட பழைய மவுசர்களில் இது வரும். போர்ஸ்கோப்பால் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) மேடையைப் பார்த்தால் படி தெரியும். இந்த ரிசீவரைத் தேய்த்துச் சமப்படுத்தக் கூடாது. அமுங்கும் அளவுக்கு மென்மையான எஃகில் தேய்த்தால் அடுத்த பள்ளம் இன்னும் விரைவாக உருவாகும். அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்குவதே சரி.

மூன்றாம் படி: லக் தொடுகை

நீல மைப்பசையை, பிரஷ்யன் நீலம் என்று கிடைப்பதை, லக்குகளின் பின்முகத்தில் மிக மெல்லியதாகத் தடவுங்கள். எஃகின் நிறம் அடியில் தெரிய வேண்டும். தடித்துத் தடவினால் தொடாத இடத்திலும் மை ஒட்டிப் பொய் சொல்லும். போல்ட்டைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடி ஐந்தாறு முறை மூடித் திறந்து, வெளியே எடுத்து மை எங்கே துடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு லக்கிலும் பரப்பின் 80 விழுக்காடு தொட்டால் நல்லது என்பது பட்டறைகளின் பொது எதிர்பார்ப்பு. ஒரு லக்கில் 90, மறுபக்கம் 10 என்றால் அதுதான் கவலைக்குரியது. இரண்டிலும் 60 என்றால் அவசரமில்லை.

இதையே ஃபயரிங் பின் பூட்டி, காக் ஆன (சுடத் தயாரான) நிலையிலும் செய்ய வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் இதை விட்டுவிடுகின்றன. காக் ஆகும்போது ட்ரிக்கரின் சியர் (காக்கிங் துண்டைப் பிடித்து நிறுத்தும் பகுதி) காக்கிங் துண்டை மேலே தள்ளுகிறது. போல்ட்டின் வால் உயர்கிறது, தலை சாய்கிறது, மேல் லக் மேடையிலிருந்து விலகுகிறது. வெறும் போல்ட்டில் அழகாகத் தெரிந்த தொடுகை இங்கே காணாமல் போகும். அப்படியானால் குறை லக்கில் இல்லை, போல்ட் உடலுக்கும் ரிசீவர் துளைக்கும் இடையேயான இடைவெளியில் இருக்கிறது. லக்கைத் தேய்ப்பதால் இது தீராது.

நான்காம் படி: ஹெட்ஸ்பேஸ்

ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து, கூட்டைத் தடுத்து நிறுத்தும் சேம்பர் தோள் வரையுள்ள தூரம். .308 வின்செஸ்டருக்கான கேஜ்கள் மூன்று. ‘கோ’ 1.630 அங்குலம் (41.40 மி.மீ.), ‘நோ-கோ’ 1.634 அங்குலம் (41.50 மி.மீ.), ‘ஃபீல்ட்’ 1.638 அங்குலம் (41.61 மி.மீ.). கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக்கூடாது. நோ-கோவில் மூடி ஃபீல்டில் மூடாவிட்டால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். ஃபீல்டிலும் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள்.

எஜெக்டர் கழற்றிய போல்ட்டில், துடைத்த சேம்பரில், கைப்பிடியை ஒரு விரல் நுனியால் மட்டும் இறக்குங்கள். மூடும் கேமுக்கு நெம்புவிசை அதிகம். உள்ளங்கையால் அமுக்கினால் நோ-கோவையும் மூடிவிடலாம், கேஜும் கெடும், சேம்பர் தோளும் கெடும். நுணுக்கமாக அறிய வேண்டுமென்றால் கோ கேஜின் அடியில் ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஒரு அடுக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. தடிமன் இருக்கும். நாடாவின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்துகொண்டால் கணக்கு இன்னும் துல்லியம். எத்தனை அடுக்கில் தடை வருகிறது என்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒருமுறை எடுத்த அளவைவிட, இரண்டு ஆண்டு இடைவெளியில் அது நகர்ந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

ஹெட்ஸ்பேஸ் கூடியிருந்தால் காரணம் லக்தான் என்று முடிவுகட்டாதீர்கள். அது லக்கின் தேய்மானமாகவும் ரிசீவர் மேடையின் அமுங்கலாகவும் இருக்கலாம். பேரல் அறுத்துப் பொருத்தியவர் தொடக்கத்திலேயே தளர்வாக விட்டிருக்கவும் கூடும். மூன்றையும் பிரித்தறிய, போல்ட் முகத்திலிருந்து லக் பின்முகம் வரையுள்ள தூரத்தை இரு லக்குகளிலும் தனித்தனியே அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுங்கள். அந்தத் தூரம் மாறாமல் ஹெட்ஸ்பேஸ் மட்டும் கூடியிருந்தால் சந்தேகம் ரிசீவர் பக்கம் திரும்பும். பேரல் கழற்றும்போதெல்லாம் ரிசீவர் முகத்திலிருந்து போல்ட் முகம் வரை ஆழ மைக்ரோமீட்டரால் அளந்து வைத்துக்கொள்வது மிக நல்ல பழக்கம்.

பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டில் இந்தக் கணக்கு வேறு. லக்குகள் பின்பக்கம் இருக்கும், போல்ட் தலை தனித் துண்டு. நம்பர் 4 வகையில் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வந்தன. ஹெட்ஸ்பேஸ் கூடும்போது பெரிய எண்ணுள்ள தலையை மாற்றுவார்கள். அந்த வசதி மவுசர் வழிவந்த ஒற்றைத் துண்டு போல்ட்டில் கிடையாது.

ஐந்தாம் படி: போல்ட் முகமும் ஃபயரிங் பின் துளையும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் போல்ட் முகத்தைப் பாருங்கள். பிரைமரின் (கூட்டின் அடியில் உள்ள தீமூட்டி) விளிம்பு உட்காரும் வட்டத்தில் சிறு குழிகள் வளையமாகத் தெரிந்தால், பிரைமரைச் சுற்றி வாயு கசிந்து எஃகை அரித்திருக்கிறது. தளர்ந்த பிரைமர் பொந்து உள்ள பழைய கூடுகளும், அளவு மீறிய வெடிமருந்தும் இதற்குக் காரணம். துளையின் விளிம்பிலேயே அரிப்பு இருந்தால் பிரைமர் துளைபட்டிருக்கிறது, ஃபயரிங் பின்னின் நுனியிலும் அதே காயம் இருக்கும். கூர்மையாகிப்போன அந்த நுனி அடுத்த பிரைமரையும் துளைக்கும். பின்னை உடனே மாற்றுங்கள்.

துளை அகன்றிருந்தால் சுட்ட பிரைமரில் எரிமலை வாய்போல விளிம்பு எழும்பும். இதை அதிக அழுத்தம் என்று தவறாகப் படிப்பவர்கள் அதிகம். துளைக்குள் பின்னை விட்டு ஆட்டிப் பாருங்கள், இடைவெளி கண்ணுக்கே தெரிந்தால் புஷ் அடிக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கி எஃகுப் புஷ் இறுக்கி, பின்னின் நுனியை 1.6 மி.மீ. அளவுக்குச் சிறுத்து அதற்கேற்பப் புதுத் துளை போடுவது நன்கு நிலைபெற்ற பழுதுமுறை. பின் வெளியே நீட்டும் அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான ஆக்‌ஷன்களில் 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும்.

ஆறாம் படி: விரிசல்

லக்கும் போல்ட் உடலும் சேரும் உள்மூலை, எக்ஸ்ட்ராக்டருக்காக வெட்டிய இடம், கைப்பிடி பற்றவைத்த இணைப்பு: விரிசல் தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் இவையே. உள்மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்தால் அங்கே தகைவு குவியும், சிறு வளைவு இருந்தால் பரவும். வாங்கும்போதே அந்த வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊடுருவும் சாயப் பரிசோதனையைப் பட்டறையில் எளிதாகச் செய்யலாம். எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து உலரவிடுங்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்து 10 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு கரைப்பானை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். போல்ட்டின்மேல் நேராகத் தெளித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவப்பட்டுவிடும். வெள்ளை டெவலப்பரை மெல்லியதாகப் பூசி 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடாக எழும் சிவப்பு விரிசல். பரவிய சிவப்பு பெரும்பாலும் சரியாகத் துடைக்காத எச்சம், திரும்பச் செய்து உறுதிப்படுத்துங்கள்.

காந்தத் துகள் பரிசோதனை இதைவிட நுட்பமானது, மேற்பரப்புக்குச் சற்று அடியில் இருப்பதையும் காட்டும். போல்ட்டுக்குப் பயன்படும் 4140, 4340, 416, 17-4 பிஎச் என்ற எஃகு வகைகள் எல்லாமே காந்தம் ஏற்பவை என்பதால் தடையில்லை. முடிந்ததும் காந்தத்தை நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் துகள்களைக் கவர்ந்து சேர்த்துக்கொள்ளும். விரிசல் உறுதியானால் போல்ட் குப்பைக்குத்தான். லக் விரிசலைப் பற்றவைக்கும் யோசனையே வேண்டாம்.

எஃகும் அதன் பதமும்

தேய்மானம் என்று நாம் பார்ப்பவற்றில் கணிசமானவை பதப்படுத்தலில் நடந்த பிழைகள். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. தொடக்கத்தில் உலையின் வெப்பத்தைத் தொழிலாளிகள் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். பளிச்சென்ற வெயில் நாளில் அதே சூடு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், ஆகவே இன்னும் சூடேற்றுவார்கள். எஃகு கருகி நொறுங்கும் தன்மை பெற்றது. 1917-இல் ரிசீவர்கள் உடைந்தபின் விசாரணை நடந்து, 1918-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலை இரட்டைப் பதப்படுத்தலுக்கு மாறியது. 800,000-க்குக் கீழ் எண்ணுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலைத் துப்பாக்கிகளையும், 285,507-க்குக் கீழ் எண்ணுள்ள ராக் ஐலண்ட் துப்பாக்கிகளையும் சுட வேண்டாம் என்ற எச்சரிக்கை இன்றுவரை நிற்கிறது. அவற்றில் பல பார்ப்பதற்குத் தேய்மானமே இல்லாமல் இருக்கும். நொறுங்கும் எஃகு தேயாது, முன்னறிவிப்பின்றி உடையும்.

எதிர்த்திசைப் பிழைக்கு, அதாவது எஃகு மென்மையாக இருப்பதற்கு, கனடாவின் ரோஸ் மார்க் 3 துப்பாக்கி சான்று. அதன் போல்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் இடது லக்கின் பின்விளிம்பு சிறிய போல்ட் தடுப்பில் மோதியது. விளிம்பு நசுங்கிப் பிசிறு எழுந்து, போல்ட் ரிசீவருக்குள் நுழைய மறுத்தது. 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் அது சிப்பாய்களின் உயிர்ப் பிரச்சினையானது. பின்னால் தடுப்பின் பரப்பைப் பெரிதாக்கினார்கள். சுடும் சுமையைத் தாங்கிய லக், தட்டுப்படும் சுமையில் தோற்றது. உங்கள் போல்ட்டிலும் போல்ட் தடுப்பு மோதும் இடத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

இன்றைய எஃகுகளில் 4140-உம் 4340-உம் முழுத் தடிமனும் கடினமாகும் வகை. 8620, 9310 போன்றவை கார்பன் ஏற்றிய மெல்லிய கடினத் தோலும் மென்மையான உள்ளும் கொண்டவை. பழைய மவுசரும் இந்த இரண்டாம் இனம். இந்த இனத்தில் லக்கைத் தேய்ப்பது தோலை உரிப்பது. 17-4 பிஎச் எஃகை 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மூப்பேற்றினால் (அந்தச் சூட்டில் வைத்துக் கடினமாக்கினால்) கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 40-ஐத் தாண்டும். அந்தப் படியைத் தவறவிட்ட துண்டும் பளபளப்பில் ஒன்றுபோலவே இருக்கும், அளந்தால்தான் பிடிபடும்.

ராக்வெல் சி சோதனை 150 கிலோ விசையில் வைர முனையை அழுத்தும், குழி விழும். ஆகவே லக் முகத்தில் செய்யக் கூடாது. போல்ட் உடலின் பின்பகுதி போன்ற சுமை தாங்காத இடத்தில் செய்யச் சொல்லுங்கள், வளைந்த பரப்புக்கான திருத்தத்தையும் கேளுங்கள். மெல்லிய கடினத் தோலுக்கு ராக்வெல் சி பொருந்தாது. முனை தோலைத் துளைத்து உள்ளை அளந்துவிடும். அதற்குச் சிறு குழி மட்டுமே போடும் விக்கர்ஸ் முறை. அரத்தால் சுரண்டிப் பார்ப்பது மிக மென்மையான துண்டைக் காட்டிக்கொடுக்கும், அதற்குமேல் அதை நம்பாதீர்கள்.

துருப்பிடிக்காத எஃகின் ஒட்டுரசல்

ரிசீவரும் போல்ட்டும் ஒரே வகைத் துருப்பிடிக்காத எஃகாக, ஒரே கடினத்தன்மையில் இருந்தால் அழுத்தத்தின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டும். காலிங் என்பது இதுதான். மேற்பரப்பின் ஆக்சைடு படலம் கிழிந்ததும் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒருமுறை தொடங்கினால் பிய்ந்த துண்டே அடுத்த கீறலைப் போடும் என்பதால், முதல் கீறலைக் கண்டதும் நிறுத்த வேண்டும். எழும்பிய பிசிறை மட்டும் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் நீக்குங்கள். பள்ளத்தைச் சமப்படுத்தும் ஆசை வேண்டாம், பள்ளம் கிரீஸைத் தாங்கிக்கொண்டு தீங்கில்லாமல் இருக்கும்.

கிரீஸ் இட வேண்டிய இடங்கள் நான்கு: லக் பின்முகங்கள், காக்கிங் கேம், வெளியிழுப்புக் கேம், காக்கிங் துண்டு சியரில் உரசும் பரப்பு. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் அரிசி மணி அளவு போதும். போல்ட் முகத்திலும் சேம்பரிலும் படக்கூடாது. தூசி பறக்கும் சுடுகளத்தில் நாள் முடிவில் துடைத்துப் புதிதாக இடுங்கள், மண் கலந்த கிரீஸும் லேப்பிங் பசையும் ஒன்றே.

தேய்ப்பு, பூச்சு, பற்றவைப்பு

தொடுகை உண்மையிலேயே ஒருதலையாக இருந்து, எஃகு முழுக் கடின வகை என்பதும் தெரிந்தால் லேப்பிங் செய்யலாம். போல்ட் முகத்தைப் பின்னோக்கித் தள்ளும் வில் கருவி கட்டாயம் வேண்டும். 600 எண் பசையில் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கி, முழுக்கத் துடைத்து, மை வைத்துப் பார்த்துத் தொடருங்கள். லக்கிலும் மேடையிலும் மொத்தம் 0.02 மி.மீ. போனால் ஹெட்ஸ்பேஸும் 0.02 மி.மீ. கூடும். புதுப் பேரல் பொருத்துவதற்கு முன் செய்வதே அறிவு.

பூச்சில் கவனிக்க வேண்டியது வெப்பம். உப்புக் குளியல் நைட்ரைடிங் 570 டிகிரி செல்சியஸ் அளவில் நடக்கிறது. அதைவிடக் குறைந்த சூட்டில் பதம் இறக்கிய 4140-உம், 482 டிகிரியில் மூப்பேற்றிய 17-4 பிஎச்-உம் அங்கே உள்ளுக்குள் மென்மையாகிவிடும். தோல் கடினம், உள் தளர்வு என்ற நிலை லக்குக்கு ஆகாது. டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சைக் குறைந்த வெப்பத்தில் இடலாம், காலிங்கையும் நன்றாகத் தடுக்கும். மின்முலாம் இட்டால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். ராக்வெல் சி 40-ஐ ஒட்டிய கடினத்தில் அது தாமதமான முறிவைத் தரும். முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டி பல மணி நேரம் சுடவைத்தார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ரெமிங்டன் 700-இன் கைப்பிடி உடலோடு பிரேசிங் செய்து ஒட்டப்பட்டது. இணைப்பு பாதி நனைந்திருந்தால் ஒருநாள் கையோடு வந்துவிடும். இறுகிய கூட்டைத் திறக்கச் சுத்தியலால் தட்டுபவர்கள் அந்த நாளை முன்கூட்டியே வரவழைக்கிறார்கள். திரும்ப ஒட்டும்போது டிக் வெல்டிங் நல்லது, சூடு குறுகிய இடத்தில் நிற்கும். லக் பக்கமும் காக்கிங் கேம் பக்கமும் வெப்ப உறிஞ்சிக் கட்டையும் வெப்பத் தடுப்புப் பசையும் வைக்காமல் செய்தால் கைப்பிடி நிற்கும், கேம் மென்மையாகித் தேயும்.

இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். துடைப்பதும் அளப்பதும் கிரீஸ் இடுவதும் உங்கள் மேசையில் நடக்கட்டும். லேப்பிங், புஷ், வெல்டிங் மூன்றையும் உரிமம் பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். கொடுக்கும்போது மை பார்த்த படத்தையும், ஒட்டுநாடா அடுக்குக் கணக்கையும், இரு லக்குகளின் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால், அவர் தேய்க்க வேண்டியதை மட்டும் தேய்ப்பார்.